எக்ஸ்பார்ட்டி ஆன தாத்தாவும் ஐந்நூறு வார்த்தைப் புத்தகமும்

செமஸ்டர் தேர்வு முடிந்து ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. நேற்று சாயங்காலம் எதிர்வீட்டுத் தம்பி வந்தான். பன்னிரண்டாவது முடித்துவிட்டு சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். எங்கள் தெருவில் எனக்கு அடுத்து சட்டம் படிக்கப் போகிறவன் அவன்தான் என்பதில் எனக்கும் கொஞ்சம் பெருமை. கையில் ஒரு புத்தகம், பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கியது. அட்டையில் தராசு படம். சட்டத்திலும் அரசியலிலும் வரும் ஆங்கிலச் சொற்கள் ஐந்நூறு. இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். முப்பது நாளில் முடித்துவிடலாம் என்று உத்தரவாதம் வேறு!

"அண்ணே, இதை முழுசா உருப்போட்டுட்டா லா காலேஜ்ல சமாளிச்சிடலாம்ல?" என்று கேட்டான்.

"சமாளிக்கலாம்டா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏனென்றால் நான் சொன்னது பொய். நான்கு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு புத்தகத்தை நானும் வாங்கி, ஏ-யில் ஆரம்பித்து இசட் வரைக்கும் உருப்போட்டவன். அதனால் எனக்குக் கிடைத்தது ஒரு உள்தேர்வில் இருபதுக்குப் பதினெட்டு மதிப்பெண். இழந்தது ஒன்றரை வருடம். அந்தப் பொய்க்குப் பரிகாரமாகத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் காரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் தாத்தா கதை.

நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, அப்பா சொல்லிக் கேட்டது. தாத்தா ஒரு புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கியிருந்தார். பெரும்பகுதியைத் திருப்பியும் கொடுத்துவிட்டார். ஆனால் நோட்டின் பின்பக்கத்தில் வரவு எழுதி வாங்கவில்லை. நம்ம ஊரில் யார் எழுதி வாங்குகிறார்கள்? கடன் கொடுத்தவர் முழுத் தொகைக்கும் வழக்குப் போட்டார். தாத்தா வக்கீல் வைத்து இரண்டு மூன்று வாய்தாவுக்கு ஒழுங்காகப் போய் வந்தார். நடவு நேரத்தில் ஒரு வாய்தாவுக்குப் போகவில்லை. அடுத்த வாரம் போனபோது குமாஸ்தா சொன்னாராம், "பெரியவரே, உங்க கேஸ் எக்ஸ்பார்ட்டி ஆயிடுச்சு."

தாத்தாவுக்கு பார்ட்டி என்றால் என்ன என்று தெரியும். எதிர்பார்ட்டி, நம்ம பார்ட்டி என்று கோர்ட்டு வாசலில் தினமும் கேட்கிற வார்த்தை. ஆக எக்ஸ்பார்ட்டி என்றால் எதிர்பார்ட்டி கழன்றுவிட்டான் என்று அவர் புரிந்துகொண்டார். வரும் வழியில் அரை கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு வந்தாராம். அந்த மிக்சரை என் அப்பா சாப்பிட்டிருக்கிறார்.

சில மாதம் கழித்து அமீனா ஜப்திக்கு வந்து நின்றபோதுதான் தெரிந்தது, எக்ஸ்பார்ட்டி என்றால் தாத்தா இல்லாமலே தாத்தாவுக்கு எதிராகத் தீர்ப்பு ஆகிவிட்டது என்று. அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 9, விதி 13 அதற்குத்தான் இருக்கிறது. வர முடியாமல் போனதற்குத் தக்க காரணம் காட்டி 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். தாமதமானால் அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லியும் இன்னொரு மனுப் போடலாம். தாத்தாவுக்கு அதுவும் தெரியாது. கிணற்றை ஒட்டிய முப்பது சென்ட் போனது.

இப்போது சொல்லுங்கள். என் தாத்தா ஆங்கிலம் தெரியாததால் நிலத்தை இழந்தாரா? 'எக்ஸ்பார்ட்டி' ஆங்கிலமே கிடையாது, லத்தீன். சரி, அந்த ஐந்நூறு வார்த்தைப் புத்தகம் அவர் கையில் இருந்திருந்தால் தப்பித்திருப்பாரா? எழுந்து போய் என் பழைய புத்தகத்தைப் புரட்டினேன். அதில் இருக்கிறது: எக்ஸ்பார்ட்டி, ஒருதலைப்பட்சமான. அவ்வளவுதான். ஒருதலைப்பட்சம் என்றால் நம் பேச்சில் என்ன அர்த்தம்? நடுவர் பாரபட்சமாக நடந்துகொண்டார் என்று அர்த்தம். இதைப் படித்திருந்தால் தாத்தா ஜட்ஜைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார். 30 நாள் என்ற விஷயம் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. அவருடைய நிலத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடியது அந்த 30 நாள் ஒன்றுதான்.

நான் சண்டை போட வந்தது இதற்காகத்தான். சட்டச் சொல், அரசியல் சொல் எல்லாம் ஒரு வேலை செய்கிற கருவி. யாரோ ஒருவர் அதை எடுத்து இன்னொருவர் மேல் பிரயோகிக்கிறார். அதற்கு ஒரு கெடு உண்டு, ஒரு பதிலடி உண்டு. இதையெல்லாம் உரித்து எறிந்துவிட்டு "இதற்குத் தமிழில் இது" என்று ஒரு வரியில் எழுதிக் கொடுப்பது அறிவைக் கொடுப்பது ஆகாது. அறிவு வந்துவிட்டது என்ற நினைப்பைக் கொடுப்பது. தெரியாதவன் நாலு பேரிடம் கேட்பான். தெரிந்துவிட்டது என்று நினைப்பவன் மிக்சர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

*

இந்தப் பட்டியல்களில் இன்னொரு கூத்து. கடினமான வார்த்தைகளாகப் பார்த்துப் பொறுக்கியிருப்பார்கள். ஹேபியஸ் கார்ப்பஸ், மாண்டமஸ், சைனி டை என்று வாய்க்குள் நுழையாதவையாக இருக்கும். உண்மையில் இவற்றால் யாருக்கும் ஆபத்து இல்லை. பார்த்தவுடனே தெரியாது என்று தெரிந்துவிடும், கேட்டுத் தெரிந்துகொள்வோம். ஹேபியஸ் கார்ப்பஸுக்கு 'ஆட்கொணர்வு' என்று எவ்வளவு அழகான தமிழ் இருக்கிறது! ஆளைக் கொண்டுவந்து நிறுத்து. சொல்லிலேயே வேலை தெரிகிறது.

ஆளைக் கவிழ்ப்பவை எளிய வார்த்தைகள். ஒன்றாம் வகுப்பில் படித்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் வார்த்தைகள்.

இரண்டாம் ஆண்டில் ஒரு மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்துக்குப் பயிற்சிக்குப் போனேன். முதல் நாள் ஒரு வழக்குக் கட்டைப் புரட்டியபடி அவர் கேட்டார், "லீவ் வாங்கியாச்சா?" நான் பவ்யமாக, "எனக்கு லீவ் வேண்டாம் சார், தினமும் வந்துடுறேன்" என்றேன். அறையில் இருந்த ஜூனியர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. லீவ் என்றால் நீதிமன்றத்தின் அனுமதி. வழக்குக்கான காரணத்தில் ஒரு பகுதி மட்டும் சென்னைக்குள் நடந்திருந்தால், சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவில் வழக்குப் போடுவதற்கு முன்பே லீவ் வாங்க வேண்டும். அது வாங்காவிட்டால் வழக்கே நிற்காது. உச்ச நீதிமன்றத்துக்குப் போகிற ஸ்பெஷல் லீவ் பெட்டிஷனும் இதே லீவ்தான், சிறப்பு அனுமதி மனு. ஐந்நூறு வார்த்தையில் லீவ் இல்லை. ஏன் இருக்கப் போகிறது? அதுதான் எல்லோருக்கும் தெரியுமே!

இந்த மாதிரி எத்தனை! காம்பவுண்டு என்றால் நமக்குச் சுவர், வேதியியல் படித்தவனுக்குச் சேர்மம். குற்றவியலில் காம்பவுண்டபிள் என்றால் இரண்டு தரப்பும் சமரசம் செய்து முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம். பிரேயர் என்றால் காலையில் பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்பது. வழக்கு மனுவில் அது நீங்கள் கேட்கிற பரிகாரம். அதில் கேட்க மறந்ததைப் பொதுவாக நீதிமன்றம் தானாகக் கொடுக்காது. டிடர்மின் என்றால் தீர்மானிப்பது என்று படித்திருப்போம். குத்தகை டிடர்மின் ஆகிவிட்டது என்றால் குத்தகையே முடிந்துபோனது என்று பொருள். வாடகை வீட்டுக்காரருக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும், சாமான் தெருவுக்கு வருவதற்கு. மோஷன் பற்றி நான் சொல்லவே வேண்டாம். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை ஆங்கிலத்தில் முதன்முதலாகக் கேட்ட அன்று எங்கள் வகுப்பில் நடந்தது இங்கே எழுதத் தகாது :-)

சாங்ஷன் என்ற சொல்லைப் பாருங்கள். பேங்க் லோன் சாங்ஷன் ஆனால் இனிப்பு வாங்குகிறோம். ஒரு அரசு ஊழியர் மேல் லஞ்ச வழக்கு நடத்த, ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19வது பிரிவின்படி சாங்ஷன் வேண்டும், அதாவது முன் அனுமதி. ஒரு நாட்டின் மேல் சாங்ஷன் என்று உலகச் செய்தியில் வந்தால் பொருளாதாரத் தடை. ஒரே சொல், ஒரு இடத்தில் அனுமதி, இன்னொரு இடத்தில் தண்டனை. இதற்கு வலது பக்கத்தில் என்ன எழுதுவீர்கள்?

ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். டேபிள் செய்வது என்றால் பிரிட்டனிலும் இந்தியாவிலும் ஒரு விஷயத்தை அவையின் முன் வைப்பது. அமெரிக்காவில் அதைத் தள்ளி வைப்பது. இரண்டாம் உலகப் போரின்போது இரண்டு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் வாதாடியதை சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். இரண்டு தரப்பும் கேட்டது ஒன்றைத்தான்!

*

"சரிப்பா, இதெல்லாம் வக்கீல்கள் பாடு, எனக்கென்ன" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. பத்திரிகையில் 'விடுதலை' என்று தலைப்பு வந்தால் என்ன புரிந்துகொள்கிறீர்கள்?

ஒருவரைக் குற்றவாளி இல்லை என்று விசாரித்துத் தீர்ப்புச் சொன்னாலும் விடுதலை. விசாரணை தொடங்கும் முன்பே வழக்கில் ஆதாரம் இல்லை என்று விடுவித்தாலும் விடுதலை. ஜாமீனில் வெளியே வந்தாலும் விடுதலை. தண்டனைக் காலத்தைக் குறைத்து அனுப்பினாலும் விடுதலை. ஆங்கிலத்தில் நான்குக்கும் நான்கு சொல். நம் செய்திகளில் பெரும்பாலும் ஒரே சொல். பேரறிவாளனை 31 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அரசியல் சட்டத்தின் 142வது பிரிவைப் பயன்படுத்தி, அவர் தண்டனையை அனுபவித்து முடித்ததாகக் கருத வேண்டும் என்றது. குற்றத் தீர்ப்பை அது ரத்து செய்யவில்லை. ஆனால் அன்று டீக்கடையில் பாதிப் பேர் "நிரபராதின்னு சொல்லிட்டாங்க" என்று கொண்டாடினார்கள், மீதிப் பேர் "எப்படிச் சொல்லலாம்" என்று சண்டை போட்டார்கள். உச்ச நீதிமன்றம் சொல்லாத ஒன்றுக்காக இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டது. அவர் விடுதலையை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ உங்கள் விருப்பம். எதை ஆதரிக்கிறோம் என்று தெரிந்து ஆதரிக்க வேண்டாமா?

இன்னும் பெரிய இடத்துக்குப் போவோம். நம் அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் காவல். அதை எழுதும்போது முதலில் 'டியூ பிராசஸ் ஆஃப் லா' என்ற சொற்றொடர் இருந்தது. அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என்.ராவ் அமெரிக்கா போய் அங்கே நீதிபதி பிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்துவிட்டு வந்தார். அதற்குப் பின் அந்தச் சொற்றொடர் எடுக்கப்பட்டு, 'சட்டம் வகுத்த நடைமுறை' என்று பொருள்படும் சொற்றொடர் வந்தது. இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி போலத்தான் இருக்கின்றன. முதலாவதில் நடைமுறை நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்கலாம். இரண்டாவதில் நடைமுறை என்று ஒன்று சட்டத்தில் இருந்தாலே போதும் என்று வாதிடலாம்.

அப்படித்தான் ஆயிற்று. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் தடுப்புக் காவல் சட்டத்தில் சென்னை மாகாணத்தில் சிறை வைக்கப்பட்டார். அந்தச் சட்டம் நியாயமற்றது என்று வழக்குப் போட்டார். 1950-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சொற்றொடரைக் காட்டித்தான் அவர் வாதத்தை ஏற்க மறுத்தது. நடைமுறை என்றால் அது நியாயமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்வதற்கு 1978 வரைக்கும், மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கு வரைக்கும், ஆயிற்று. 28 வருடம்! இடையில் நெருக்கடி நிலையும் வந்து போனது. ஐந்நூறு வார்த்தைப் புத்தகத்தில் 'பிராசஸ்' என்பதற்கும் 'புரொசீஜர்' என்பதற்கும் செயல்முறை, நடைமுறை என்று போட்டிருக்கும். முடிந்தது பாடம்.

பழைய கதை என்கிறீர்களா? 2023 நவம்பரில் தமிழ்நாட்டு ஆளுநர் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் தராமல் திருப்பி அனுப்பினார். நவம்பர் 18 அன்று சட்டமன்றம் அவற்றை மீண்டும் நிறைவேற்றி அனுப்பியது. ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பி வைத்தார். பிறகு நடந்த வழக்கு முழுவதும் 200வது பிரிவில் உள்ள சில சாதாரணச் சொற்களைச் சுற்றித்தான். வித்ஹோல்ட் என்றால் நிரந்தரமாக மறுப்பதா, நிறுத்தி வைப்பதா? 'அஸ் சூன் அஸ் பாசிபிள்' என்றால் எத்தனை நாள்? 2025 ஏப்ரல் 8 அன்று இரண்டு நீதிபதிகள் அமர்வு காலக்கெடு வகுத்து, அந்தப் பத்து மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்றது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்றது. முடிந்த அளவு சீக்கிரம் என்பதற்கு எவ்வளவு நாள் என்ற கேள்வியில் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் எல்லாம் தொங்கியது. இதில் எந்தச் சொல் கடினமான சொல்? ஐந்தாம் வகுப்புப் பையனுக்கும் 'சூன்' தெரியும்.

*

இந்த இடத்தில் இரண்டு கட்சிக்காரர்கள் என் மேல் பாய்வார்கள் என்று தெரியும்.

முதல் கட்சி, "இதுக்குத்தான் சின்ன வயசிலேயே நல்லா இங்கிலீஷ் கத்துக்கணும்கிறது." ஐயா, இந்த மொழி ஆங்கிலேயருக்கே புரியவில்லை! 1066-க்குப் பிறகு நார்மன்கள் கொண்டுவந்த பிரெஞ்சும், தேவாலயத்து லத்தீனும், ஊர்க்காரர் பேசிய ஆங்கிலமும் கலந்த குழம்பு அது. வழக்காடுவதை ஆங்கிலத்தில் நடத்து என்று 1362-லேயே அங்கே சட்டம் போட வேண்டியிருந்தது. பிறகும் நீதிமன்றப் பதிவுகளில் லத்தீன் 18ஆம் நூற்றாண்டு வரை ஓடியது. கடைசியில் 1999-இல் இங்கிலாந்தும் வேல்ஸும் உரிமையியல் விதிகளைத் திருத்தி எழுதியபோது, பிளெயின்டிஃப் என்ற சொல்லையே தூக்கிவிட்டு உரிமை கோருபவர் என்று பொருள்படும் எளிய சொல்லை வைத்தார்கள். இன் கேமரா போய் 'தனிமையில்' வந்தது. என் தாத்தாவின் நிலத்தைத் தின்ற எக்ஸ்பார்ட்டியும் போனது. அதற்குப் பதில் 'அறிவிப்பு இல்லாமல்' என்று வைத்தார்கள். சொந்தக்காரன் குப்பையில் போட்டதை நாம் இன்னும் ஐந்நூறில் ஒன்றாக உருப்போட்டுக்கொண்டிருக்கிறோம். கான்வென்டில் படித்த என் வகுப்புத் தோழன் முதல் வருடம் என்னை விட நன்றாக ஆங்கிலம் பேசினான். கன்சிடரேஷன் என்றால் கருணையோடு பரிசீலிப்பது என்றுதான் அவனும் எழுதினான். ஒப்பந்தச் சட்டத்தில் அது ஒரு வாக்குறுதிக்கு ஈடாகக் கிடைக்கும் மறுபயன் என்பதில் இருவரும் ஒரே மாதிரி கோட்டை விட்டோம்.

இரண்டாவது கட்சி, "எல்லாவற்றையும் தமிழாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது." உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. 348வது பிரிவிலேயே அதற்கு வழி இருக்கிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு அந்த அனுமதி கொடுத்தார்கள். 2006-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் போட்டுக் கேட்டதற்கு மறுத்தார்கள். இது அநியாயம். ஆனால் 'ஒருதலைப்பட்சம்' தமிழ்தானே? அது என் தாத்தாவைக் காப்பாற்றியிருக்குமா? அவர் எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரம் இன்னும் வீட்டில் இருக்கிறது. "சர்வ சுதந்திர பாத்தியதையுடன் தானாதி விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்" என்று போகிறது. இதுவும் தமிழ் எழுத்துதான். புரிகிறதா? தமிழாக்கம் முதல் படி. வேலையை விளக்காத தமிழ் இன்னொரு லத்தீன் ஆகிவிடும்.

மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையை முதல் தமிழ் நாவல் எழுதியவராகத்தான் நமக்குத் தெரியும். அவர் 1862-லேயே, சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கிப் புத்தகமாகப் போட்டார். கவனியுங்கள், அகராதி போடவில்லை. தீர்ப்புகளைப் போட்டார். யார் வழக்குப் போட்டான், என்ன கேட்டான், என்ன கிடைத்தது என்பதோடு சொல்லும் சேர்ந்து வரும். நூற்று அறுபது வருடத்துக்கு முன்னால் ஒரு முன்சீப்புக்குத் தெரிந்த பாட முறை இன்று தராசு படம் போட்டு விற்பவர்களுக்குத் தெரியவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கும் அது தெரியும். ஜாமீன், ஜப்தி, வாய்தா, வக்காலத்து, அமீனா, ராஜி, தாக்கல், நகல். இவையெல்லாம் எங்கிருந்து வந்தன? பாரசீகமும் அரபியும் உருதுவும் வழியாக வந்தவை. எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிக்கு வாய்தாவும் ஜப்தியும் துல்லியமாகத் தெரியும். எந்தப் பாரசீக டியூஷனுக்குப் போனார்? ஒரு வாய்தாவுக்குப் போகவில்லை என்றால் என்ன நடக்கும் என்று பட்டுத் தெரிந்துகொண்டார். வார்த்தையோடு அதன் விளைவும் சேர்ந்து வந்ததால் மறக்கவில்லை. சட்டமன்றக் கொறடாவை எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கில் கொரடா என்றால் சாட்டை. ஆங்கிலத்தில் விப் என்றாலும் சாட்டைதான், வேட்டை நாய்கள் கலைந்து போகாமல் பார்த்துக்கொள்ளும் ஆளின் பெயரிலிருந்து வந்தது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம் என்பது 2017 பிப்ரவரி நம்பிக்கை வாக்கெடுப்பின்போது டிவி பார்த்த எல்லோருக்கும் புரிந்தது. எந்த அகராதியும் தேவைப்படவில்லை.

*

அப்படியென்றால் எப்படித்தான் கற்பது? திட்டினால் மட்டும் போதாது, நான் செய்வதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சொல் வந்தால் அதற்குத் தமிழ் என்ன என்று தேடுவதற்கு முன் மூன்று கேள்வி, தமிழிலேயே. இதை யார் செய்வது? யார் மேல் செய்வது? அதற்குள் எத்தனை நாள், என்ன வழி? எழுதிவிட்டுப் பிறகு அகராதிக்குப் போவேன்.

ரிமாண்ட் என்று எடுப்போம். பத்திரிகையில் "15 நாள் ரிமாண்ட்" என்று வந்தால் ஊரில் "பதினஞ்சு நாள் தண்டனை போட்டுட்டாங்க" என்பார்கள். யார் செய்வது? மாஜிஸ்திரேட், போலீஸ் அல்ல. யார் மேல்? கைதானவர் மேல். அவர் இன்னும் குற்றவாளி இல்லை, விசாரணைக்காகக் காவலில் வைக்கப்படுபவர். எத்தனை நாள்? கைதான 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசியல் சட்டத்தின் 22வது பிரிவு. குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால், கேட்டால் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும். 'கேட்டால்' என்பதை அடிக்கோடு போடுங்கள், கேட்காதவருக்குக் கிடைக்காது. இவ்வளவும் தெரிந்த பிறகு ரிமாண்டுக்கு நீங்கள் காவல் அடைப்பு என்று எழுதினால் என்ன, ரிமாண்ட் என்றே எழுதினால் என்ன?

இதில் இன்னொரு லாபமும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் பழைய மூன்று குற்றவியல் சட்டங்களும் போய்ப் புதியவை வந்துவிட்டன. பெயர் முதற்கொண்டு மாறிவிட்டது. 302 என்று ஊரே சொன்ன கொலைக் குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவில் 103. நம் சினிமாவே பிழைத்த 420 இப்போது 318. ரிமாண்டுக்கான 167 பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 187. எண்ணையும் பெயரையும் உருப்போட்டவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூன்று கேள்வி கேட்டுப் படித்தவர்கள், எதெல்லாம் உண்மையில் மாறியது, எதற்குப் பெயர் மட்டும் மாறியது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. போலீஸ் காவலுக்கான 15 நாளை இப்போது பிரித்துப் பிரித்தும் எடுக்கலாம் என்பது உண்மையான மாற்றம். எண் மாறியது வெறும் பெயர்ப் பலகை.

கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. முதல் வருடம் சொற்பொருள் எழுதச் சொல்லி மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள். ஒரு சம்மனையும் ஒரு எஃப்.ஐ.ஆரையும் கையில் கொடுத்து, "இது உன் வீட்டுக்கு வந்தால் நாளைக் காலையில் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். தமிழிலும் பதில் எழுதலாம் என்று சொல்லுங்கள். வக்கீல்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும்: "எக்ஸ்பார்ட்டி ஆயிடுச்சு" என்று சொல்வதற்கு ஆகிற நேரத்தில் "நீங்க வராததால உங்களுக்கு எதிரா ஆயிடுச்சு, முப்பது நாள் இருக்கு" என்றும் சொல்லிவிடலாம். கூட நாலு நொடி ஆகும். அந்த நாலு நொடியைச் செலவழிக்க மனமில்லாதவர்கள்தான் "பாமரனுக்குச் சட்டம் புரியாது" என்று பிறகு மேடையில் பேசுகிறார்கள்.

இன்று காலை எதிர்வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, அறுபது ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறான் பாவம். பரண் மேல் இருந்த தாத்தாவின் கேஸ் கட்டை இறக்கி, தூசி தட்டி அவன் கையில் கொடுத்தேன். சம்மன், வழக்குரை, தீர்ப்பாணை, ஜப்தி நோட்டீஸ் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு தாளிலும் யார், யார் மேல், எத்தனை நாள் என்று பென்சிலால் எழுதிக் கொண்டுவரச் சொன்னேன்.

மத்தியானமே வந்துவிட்டான். "அண்ணே, தீர்ப்புத் தேதிக்கும் ஜப்திக்கும் நடுவுல அஞ்சு மாசம் இருக்கே. அந்த அஞ்சு மாசத்துல யாருமே தாத்தாகிட்ட சொல்லலையா?"

நான்கு வருடம் சட்டம் படித்தும் அந்தத் தேதிகளை நான் சேர்த்துப் பார்த்ததில்லை. அப்பாவிடம் கேட்க வேண்டும்.